சமைத்துக்கொண்டே இருக்கிறார்கள்

அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்த சமயம் டிவியில் 'அசுரன்' ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு அந்தப் படம் மனப்பாடம். எந்த இடத்தில் பாட்டு, எந்த இடத்தில் வெட்டு, எந்த இடத்தில் தனுஷ் வேல்கம்பைத் தூக்குவார் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தான். இது பூமணி எழுதிய 'வெக்கை' நாவல்தானே, அலமாரியில் இருக்கிறது, படித்துப் பார் என்றேன். கோயம்புத்தூரில் வளர்ந்த பிள்ளை, தமிழ் நாவல் எதையும் அதுவரை முழுசாகப் படித்தவனில்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டு போனான். ஊருக்குக் கிளம்புவதற்குள் முடித்தும்விட்டான். திருப்பிக் கொடுக்கும்போது அவன் சொன்னதுதான் இத்தனை நாளாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. "ஒண்ணுமே நடக்கலையே மாமா. ஓடுறாங்க, ஒளியிறாங்க, அப்புறம் சமைக்கிறாங்க, சாப்பிடுறாங்க. திரும்பவும் சமைக்கிறாங்க. பிளாஷ்பேக் எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன், புத்தகமே முடிஞ்சிருச்சு."

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். இலக்கிய ரசனை வர நாளாகும் என்று மனசுக்குள் ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவன் சொன்னதில் தப்பே கிடையாது. 'வெக்கை'யில் நிஜமாகவே சமைத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். கொலை செய்துவிட்டு ஓடும் பையனும் அவனைக் கூட்டிக்கொண்டு அலையும் தகப்பனும் அடுத்த வேளைக்கு என்ன என்பதைப் பற்றிப் பேசும் பேச்சு, போலீஸைப் பற்றிப் பேசும் பேச்சைவிடக் கூடுதலாக இருக்குமோ என்றுகூடத் தோன்றும். இலக்கியக் கூட்டங்களில் இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் வன்முறை, நிலம், கரிசல் மொழி என்று பேசுவார்கள். பானையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. பையன் ஒரே வாக்கியத்தில் அதைத்தான் பிடித்துவிட்டான். பிடித்ததைக் குறையாகச் சொன்னான், அவ்வளவுதான்.

கதை தெரிந்ததுதான். சிதம்பரத்துக்குப் பதினைந்து வயசு. அண்ணனைக் கொன்ற வடக்கூரானை நாவல் தொடங்கும்போதே வெட்டிவிடுகிறான். கையை மட்டும் எடுப்பதாகத்தான் அவன் கணக்கு, ஆளே போய்விடுகிறான். அதற்குப் பிறகு ஏழெட்டு நாள் அய்யாவும் மகனும் காடு, மலை, ஓடை என்று மறைந்து திரிகிறார்கள். கடைசியில் கோர்ட்டில் ஆஜராகக் கிளம்புகிறார்கள். நாவல் இவ்வளவுதான். இன்னொரு எழுத்தாளர் கையில் இந்தக் கதை கிடைத்திருந்தால் அந்த வெட்டைக் கடைசிக்குக் கொண்டுபோயிருப்பார். பகை வளர்வது, அண்ணன் சாவது, தம்பி அரிவாளைத் தீட்டுவது என்று முந்நூறு பக்கம் ஏற்றி உச்சத்தில் வெட்ட வைத்திருப்பார். பூமணி அதை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு உள்ளே போகிறார்.

வெற்றிமாறன் படத்தையும் ஓட்டத்தில்தான் தொடங்குகிறார். ராத்திரி, தண்ணீர், இருவர். ஆனால் அங்கிருந்து படம் பின்னால் திரும்புகிறது. ஏன் ஓடுகிறார்கள் என்று முதல் பாதி சொல்கிறது. இந்த அப்பன் யார் என்று இரண்டாம் பாதி சொல்கிறது. நாவலில் சிதம்பரத்தின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் நாம் எல்லாவற்றையும் பார்க்கிறோம். படத்தில் அந்த இடம் அப்பன் சிவசாமிக்கு, அதாவது தனுஷுக்குப் போய்விடுகிறது. சிதம்பரம் பார்வையாளன் ஆகிவிடுகிறான், நம்மோடு உட்கார்ந்து அப்பன் கதையைக் கேட்கிறவன் ஆகிவிடுகிறான். படத்துக்கும் நாவலுக்கும் நூறு வித்தியாசம் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். எனக்கு இந்த ஒன்றுதான் வித்தியாசமாகத் தெரிகிறது. மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

கதை அப்பன் கைக்குப் போனதும் அவனுக்கு ஒரு ரகசியம் தேவைப்படுகிறது. படத்துச் சிதம்பரத்துக்கு அப்பனைக் கண்டால் ஆகாது. குடிக்கிற ஆள், பயந்த ஆள், மூத்த மகன் செத்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள். இடைவேளைக்கு முன்னால் அந்த ஆள் வேல்கம்பை எடுக்கும்போது தியேட்டர் எழுந்து நிற்கிறது. யாருடா இவன் என்று மகன் வாயைப் பிளக்கிறான். இதற்கு விடை பிளாஷ்பேக்கில்தான் வர வேண்டும். 1995இல் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த மாணிக்கம் பாட்ஷாவாக எழுந்த நாளிலிருந்து, அடங்கிக் கிடக்கும் மனுஷனைக் கண்டால் தமிழ் ரசிகனுக்கு உள்ளுக்குள் ஓர் எதிர்பார்ப்பு வந்துவிடும்: இவனுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. தனுஷுக்கு 2019இல் வயசு 36. நரைத்த தலையும் தளர்ந்த நடையுமாக அவரைப் படம் முழுக்க அப்படியே விட எந்தத் தயாரிப்பாளருக்கும் மனசு வராது. இளவட்டமாக ஒரு பாட்டு, ஒரு காதல், ஒரு சண்டை வேண்டும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சந்தையில்தான் அந்தப் படம் ஓடியாக வேண்டும். ஓடியது, தேசிய விருதும் வாங்கியது.

நாவலில் சிதம்பரத்துக்கு அய்யா மேல் அப்படி ஒரு கசப்பு கிடையாது. நீ ஏன் செய்தாய் என்று அய்யா மகனை உலுக்குவதும் இல்லை. ஆனது ஆகிவிட்டது, இனி அடுத்த வேலையைப் பார்ப்போம் என்று கூட நடக்கிறார். கோழை அப்பன் என்ற பேச்சே இல்லாததால் அவரை வீரனாக நிரூபிக்க வேண்டிய வேலையும் பூமணிக்கு இல்லை. அந்த வேலை இல்லாத இடத்தில் என்னத்தை வைத்து நிரப்பினார் என்பதுதான் கேள்வி. பையன் சொன்னபடி பார்த்தால், சோற்றை வைத்து.

விசுவாசம் என்னும் வழக்கு

இந்த மாதிரிப் பேச்சு வந்தாலே மூலத்துக்கு விசுவாசமாக எடுத்தாரா இல்லையா என்று பஞ்சாயத்து கூடிவிடும். 'பொன்னியின் செல்வன்' வந்தபோது கூடிய பஞ்சாயத்து நினைவிருக்கும். நந்தினி சிரித்த சிரிப்பு சரியில்லை, வந்தியத்தேவனுக்கு வாய் போதாது, பூங்குழலி வந்த வேகத்தில் போய்விட்டாள். அஞ்சு பாகத்தை ரெண்டு படத்தில் அடக்கினால் யாரோ ஒருவர் படகை விட்டு இறங்கத்தான் வேண்டும். எனக்கு அந்தப் பஞ்சாயத்தில் அக்கறை இல்லை. மூலம் என்று நாம் கும்பிடுவதையே எழுதியவர்கள் அப்படிக் கும்பிட்டதில்லை.

ஜெயகாந்தனையே எடுத்துக்கொள்ளலாம். 1966இல் விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' கதையில், காரில் போய்க் கெட்டுவிட்டு வந்த மகளின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். ஊரே கொந்தளித்தது. பிறகு அவரே அதை 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று நாவலாக்கியபோது அந்த அம்மாவை மாற்றிவிட்டார். இந்த அம்மா கத்திக் கூப்பாடு போட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவந்துவிடுகிறாள். அந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் மகள் கங்காவின் வாழ்க்கை முழுக்கத் திரும்புகிறது. போதாததற்கு அந்தச் சிறுகதையை எழுதிய எழுத்தாளரையே ஆர்.கே.வி. என்று பேர் வைத்து நாவலுக்குள் உலவவிட்டார். 1977இல் பீம்சிங் படமாக எடுத்தபோது திரைக்கதையும் ஜெயகாந்தனுடையதுதான். நாகேஷ் ஆர்.கே.வி.யாக வந்தார். லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. ஆக, ஒரே ஆள் ஒரே சம்பவத்தை மூன்று விதமாக வைத்திருக்கிறார். இதில் எது மூலம், எதற்கு எது விசுவாசமாக இருக்க வேண்டும்?

எதிர்ப்பக்கமாக 'தில்லானா மோகனாம்பாள்' இருக்கிறது. கொத்தமங்கலம் சுப்பு விகடனில் தொடராக எழுதிய காலத்தில், கோபுலு படத்துக்காகவே வாரா வாரம் காத்துக் கிடந்தோம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று அந்த நாவலைத் தேடிப் படிப்பவர் குறைவு. ஏ.பி. நாகராஜன் 1968இல் எடுத்த படம் நாவலை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. அதற்கு ஒரு நியாயமும் உண்டு. கதாநாயகன் சண்முகசுந்தரத்தின் நாகஸ்வரத்தைச் சுப்பு எவ்வளவு நன்றாக எழுதினாலும் காகிதத்தில் கேட்காது. படத்தில் சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் வாசிக்கிறார்கள், சிவாஜி கன்னத்தை உப்பி அதைத் தனதாக்கிக்கொள்கிறார். புத்தகத்தால் முடியாததைச் சினிமா செய்த இடம் அது. அங்கே போய் நாவலில் இப்படி இல்லையே என்று நிற்பவரோடு நான் காபிகூடக் குடிக்க மாட்டேன்.

வெற்றிமாறனும் இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாதவர். மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' புத்தகம் குண்டூர் போலீஸ் நிலையத்தில் நடந்த சித்திரவதையோடு நிற்கிறது. 'விசாரணை' அதை முதல் பாதியில் வைத்துவிட்டு, இரண்டாம் பாதிக்குத் தமிழ்நாட்டு நிலையம் ஒன்றையும் ஓர் ஆடிட்டரின் சாவையும் புதிதாகக் கட்டுகிறது. அடிபட்டவர்கள் சாட்சிகளாக மாறும் அந்தத் திருப்பம் புத்தகத்தின் கோபத்தை இன்னொரு படி மேலே ஏற்றியது. 'விடுதலை'யில் ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதை ரெண்டு படத்துக்கு வித்தானது. புத்தகத்தை ஒரு பாதியாக வைத்துக்கொண்டு மறுபாதியைத் தானே எழுதுவது அவர் முறை. அந்த மறுபாதி 'விசாரணை'யில் புத்தகத்துக்கு வலு சேர்த்தது. 'அசுரன்' மறுபாதியை மட்டும் என்னால் அவ்வளவு சுலபமாக ஏற்க முடியவில்லை. ஏன் என்று எனக்கே பிடிபடாமல் இருந்தது. பையன் சொல்லிவிட்டுப் போன சமையல்தான் பிடி கொடுத்தது.

மூணு கல்லு

எங்கப்பா வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர்கூட மோந்து குடிக்காத ஆள். தட்டில் உப்பு குறைந்தால் எழுந்து போய் எடுக்க மாட்டார், அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிடவும் மாட்டார், தொண்டையை ஒரு செருமு செருமுவார். அந்தச் செருமலுக்கு அம்மா உப்போடு வருவாள். அடுப்படிக்குள் அவர் தலை வணங்கி நுழைந்து நான் பார்த்ததில்லை. ஆனால் கம்பு கதிர் முற்றும் காலத்தில் ராத்திரிக் காவலுக்குக் காட்டுக்குப் போவார். காடு என்றால் எங்கள் பக்கம் மானாவாரிக் கரிசல் நிலம்தான், மரங்கள் அடர்ந்த காடு இல்லை. சின்ன வயதில் என்னையும் சில தடவை கூட்டிப்போயிருக்கிறார். அங்கே குச்சிலுக்குப் பக்கத்தில் அவர் வேறு ஆள்.

முதலில் குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளித் தூவிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். காற்றுக்கு முதுகு காட்டினாற்போல மூணு கல்லைக் கூட்டுவார். ஒவ்வொரு கல்லையும் வைத்துவிட்டுக் காலால் ஒரு மிதி. பருத்திமாரை முழங்காலில் வைத்து ஒடித்து, மெல்லிசை அடியிலும் தடித்ததை மேலேயும் அடுக்கி ஒரே தீக்குச்சியில் பற்ற வைப்பார். ரெண்டாவது குச்சி உரசினால் அவருக்கு மானக்கேடு. துவரம்பருப்பு வெந்து மலரும்போது சின்ன வெங்காயத்தைக் கல்லில் வைத்து ஒரு தட்டு, தோல் தனியே வந்துவிடும். பச்சை மிளகாய் அங்கேயே செடியில் இருக்கும், கிள்ளிப் போடுவார். புளித்தண்ணீரை ஊற்றிவிட்டு மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மோந்தே உப்புச் சொல்வார். ஓலைப்பட்டையில் ஊற்றி முதலில் எனக்குத்தான் தருவார். சூடு விரலைச் சுடும், பட்டையைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு தின்பேன். அந்த ஆளை எனக்கு வீட்டில் தெரியாது. இவருக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது, எந்த வயசில், எத்தனை ராத்திரி தனியாகக் கிடந்து பழகினார் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவைப்படவும் இல்லை. அந்தக் கைகளைப் பார்த்தாலே ஒரு வாழ்க்கை இருந்தது தெரிந்துவிடும்.

பையன் போன பிறகு 'வெக்கை'யைத் திரும்பவும் எடுத்து, இந்த முறை சமைக்கிற இடங்களாகப் பார்த்துப் படித்தேன். அய்யாவுக்குத் தண்ணீர் எங்கே ஊறும் என்று தெரியும். எதைப் பறிக்கலாம், எதைப் பிடிக்கலாம், எங்கே புகை தெரியாது, எந்த நேரத்தில் எந்தத் தடத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது, எல்லாம் தெரியும். சிதம்பரம் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஊருக்குள் அந்த வீட்டில் அவன் பார்த்த அய்யா ஒரு சம்சாரி, நிலத்தில் பாடுபடுகிற ஆள். காட்டில் பார்க்கிற அய்யா எதற்கும் அசராத ஒரு மனுஷன். ஒரு வார்த்தைகூட அய்யா தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதில்லை. பையன் கேட்ட பிளாஷ்பேக் இதுதான். பக்கத்துக்குப் பக்கம் அது வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. அப்பன் யார் என்று மகனுக்குத் தெரிய அப்பன் இளமையில் யாரை வெட்டினான் என்ற கதை வேண்டியதில்லை. அடுப்பு மூட்டினால் போதும். பூமணிக்கு அது தெரிந்திருந்தது.

இதைப் பிடித்த பிறகு படத்தின் பிளாஷ்பேக் மேல் எனக்கு இருந்த மனத்தாங்கல் என்ன என்று தெளிவாகிவிட்டது. படத்தில் சிவசாமியின் பொறுமைக்கு ஒரு காரணம் கொடுக்கப்படுகிறது. பழைய காலத்தில் கையில் எடுத்தான், எல்லாவற்றையும் இழந்தான், அதனால் இன்று அடங்கிப் போகிறான். கணக்கு சரியாக விழுகிறது. ஆனால் இப்படிக் கணக்குச் சொன்னதும், கையில் ஆயுதம் எடுத்த பழங்கதை இல்லாத அப்பன்மார்கள் நிலை என்ன? எந்த வீரக்கதையும் பின்னால் இல்லாமல், பிள்ளையை உயிரோடு வைத்திருக்க வேண்டுமே என்ற ஒரே காரணத்துக்காக அடங்கிப்போன ஆட்கள்தான் ஊரில் அதிகம். 'வெக்கை'யின் அய்யா அவர்கள் வரிசையில் நிற்கிறவர். சிவசாமியை அந்த வரிசையிலிருந்து பெயர்த்து எடுத்து உயரத்தில் நிறுத்திவிட்டார்கள். சாமியை எடுத்துப் பல்லக்கில் வைத்த மாதிரி. கும்பிடலாம், கூட உட்கார்ந்து சாப்பிட முடியாது.

பூமணி சினிமா தெரியாத எழுத்தாளர் என்று யாரும் நினைக்க வேண்டாம். தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளை வைத்து 'கருவேலம்பூக்கள்' என்று ஒரு படமே இயக்கியவர் அவர். நாவலைக் கொடுத்துவிட்டால் அது அடுத்தவர் பிள்ளை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

படம் வாய் திறந்து சொன்னது

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 'வெக்கை' சாதியின் பேரைச் சொல்வதில்லை. கரிசல்காட்டு வாசகனுக்கு அது தேவையும் இல்லை. யார் நிலத்தை யார் வளைக்கப் பார்க்கிறார்கள், யார் வேலிக்கு அந்தப் பக்கம், யார் இந்தப் பக்கம் என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும். 1982இல் வந்த நாவல், இலக்கிய வட்டத்துக்குள் நல்ல பேரோடு 37 வருஷம் இருந்தது. அந்த வட்டத்துக்கு வெளியே அது போகவில்லை. படம் அந்த மௌனத்தை உடைத்தது. செருப்புப் போட்டதற்காக ஒரு பெண்ணை அதைத் தலையில் சுமக்க வைத்து நடக்கவிடுகிற காட்சி வந்த பிறகு இது யாருடைய கதை என்று ஒருவரும் கேட்க முடியாது. அதோடு பஞ்சமி நிலத்தையும் பெயர் சொல்லியே பேசியது.

பஞ்சமி நிலத்தின் கதை சுருக்கமாக இதுதான். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892இல் ஆங்கிலேய அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு போட்டது. சென்னை மாகாணம் முழுக்கப் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்வார்கள். வெளியாருக்கு விற்க முடியாது என்று நிபந்தனை. காகிதத்தில் இருந்த நிபந்தனையைக் கடந்து அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் உரக்கப் பேசாத விஷயமாகக் கிடந்தது. படத்துக் குடிசைகள் எரிகிறபோது 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணி நினைவுக்கு வராமல் போகாது. 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய ராத்திரி அது. வெண்மணியில் பிரச்சனை கூலி, ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். வெற்றிமாறன் அந்தத் தீயைத் தெற்கே கொண்டுவந்து நிலப் பிரச்சனையோடு சேர்த்துவிட்டார். வரலாற்றுக்காரர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் படம் வெளியான அதே மாதத்தில், பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்று தமிழ்நாட்டுக் கட்சித் தலைவர்கள் வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள். டீக்கடையில் பஞ்சமி என்ற பேச்சு அடிபட்டதை நான் என் காதால் கேட்டேன். ஒரு நல்ல நாவல் 37 வருஷத்தில் செய்யாததை ஒரு வெகுஜனப் படத்தின் இரண்டாம் பாதி செய்தது. அதுவும் நான் குறை சொல்லிக்கொண்டிருக்கும் அதே பிளாஷ்பேக். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

படத்தில் என்னை விட்டுப் போகாத இடம் அந்தச் சண்டைகள் எதுவும் இல்லை. மூத்த மகனை மீட்பதற்காகச் சிவசாமி வடக்கூரில் ஒவ்வொரு ஆண்பிள்ளை காலிலும் விழுகிற இடம். வீடு வீடாக. பெரியவன், சின்னவன் எல்லோர் காலிலும். தனுஷ் அந்த இடத்தில் நடிக்கிற மாதிரியே தெரியாது, பிள்ளைக்கு மருந்து வாங்க அலைகிற ஆள் மாதிரி அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார். மஞ்சு வாரியரின் பச்சையம்மாளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாவல் மகனும் அய்யாவும் போகிற வழியே போவதால் வீட்டுப் பெண்கள் பெரும்பாலும் பேச்சிலும் நினைப்பிலும்தான் வருகிறார்கள். தலையில்லாத மகன் உடம்பைப் பார்த்த தாய் அதற்கப்புறம் ஒவ்வொரு நாளையும் எப்படித் தள்ளுகிறாள் என்பதைப் படம் கண் முன்னால் வைத்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு நாவலுக்குத் திரும்பியபோது அங்கே அந்த அம்மா இல்லாத குறை எனக்குத் தெரிந்தது. படம் பார்க்காமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது.

காலில் விழுகிற சிவசாமிக்கு எந்தப் பழங்கதையும் தேவையில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பிளாஷ்பேக் வருவதற்கு முன்னாலேயே அந்தக் காட்சி வந்துவிடுகிறது. இவன் யார், முன்னால் என்ன செய்தான் என்று நமக்கு எதுவும் தெரியாத நேரம். இருந்தும் தொண்டை அடைக்கிறது. அந்த இடத்தில் மட்டும் படமும் நாவலும் ஒரே ஆளைப் பார்க்கின்றன என்று நினைக்கிறேன்.

முடிவில் மறுபடி பிரிந்துவிடுகின்றன. படத்தில் சிவசாமி பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, மகனைப் படிக்கச் சொல்லிவிட்டு உள்ளே போகிறார். நிலத்தைப் பிடுங்கலாம், காசைப் பிடுங்கலாம், படிப்பைப் பிடுங்க முடியாது என்ற அந்தப் பேச்சுக்கு நான் பார்த்த தியேட்டரில் கைதட்டல் அடங்க நேரமானது. நானும் தட்டினேன். எங்கள் பக்கத்தில் படித்து மேலே வந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் அந்தப் பேச்சை ஏதாவது ஒரு திண்ணையில் கேட்டிருப்பார்கள். ஆனால் 'வெக்கை'யில் அய்யா மகனுக்குப் புத்திமதி எதுவும் சொல்லி அனுப்புவதில்லை. ரெண்டு பேருமாகக் கோர்ட்டுக்குக் கிளம்புகிறார்கள், நாவல் அங்கே நின்றுவிடுகிறது. வக்கீல் என்ன வாதாடினார், பதினைந்து வயசுப் பையனுக்கு என்ன தீர்ப்பு வந்தது, நிலம் யார் கைக்குப் போனது என்று ஒரு வரி கிடையாது. 1982இல் அந்தக் கூண்டில் அந்த ரெண்டு பேர் ஏறி நின்றால் என்ன நடந்திருக்கும் என்று வாசகனுக்கே தெரியும் என்று பூமணி விட்டுவிட்டார் போலிருக்கிறது.